“அதே சவுண்டுதான் தம்பி”: ஆம்ப் மாடலர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கிட்டார் மாடலரில், அதாவது பல ஆம்ப்கள், எஃபெக்டுகளின் சவுண்டை டிஜிட்டலாகத் தரும் பெட்டியில், தரையில் வைத்துக் காலால் இயக்கும் பெரிய ஃப்ளோர் யூனிட் எடுக்கலாமா, சின்னதே போதுமா என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். என்னை ஏமாற்றிய கடை மேல் போட்ட புகார் இன்னும் முடியாததால் கடை பெயரைப் போடவில்லை. சென்னையில் இருக்கும் கடை, அவ்வளவுதான்.

நான் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, வருஷத்தில் பாதி நாள் மேடைதான். நான் கேட்டது லைன் 6 கம்பெனியின் பெரிய மாடலான ஹீலிக்ஸ், கிடைக்காவிட்டால் அதிலேயே ஹீலிக்ஸ் எல்டி. கடைக்காரர் எடுத்து வைத்தது அதே கம்பெனியின் சின்ன மாடலான எச்எக்ஸ் ஸ்டாம்ப். “பெருசுல இருக்குற அதே சவுண்டுதான் தம்பி இதுலயும். ஆறு கிலோவைத் தூக்கிட்டு எதுக்கு அலையணும்?”

சவுண்டைப் பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டிலும் இருப்பவை அதே ஆம்ப் மாடல்கள்தான். ஒரு ஆம்ப், ஒரு கேப் (ஸ்பீக்கர் பெட்டி), ஒரு டிலே (எதிரொலி) போட்டு வாசித்தால் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கடையிலும் அப்படித்தான் வாசித்துக் காட்டினார்கள். குழுவில் எந்த மாதிரி வாசிக்கிறேன் என்று நான் விலாவாரியாகச் சொன்ன பிறகும், மற்றதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மற்றது என்னவென்றால், 2015ல் வந்த ஹீலிக்ஸில் சவுண்டை உருவாக்கும் டிஎஸ்பி சிப் இரண்டு, 2018ல் வந்த ஸ்டாம்பில் ஒன்றே ஒன்று. ஸ்டாம்பின் ஒரு ப்ரீசெட்டில் (சேமித்து வைக்கும் ஒரு செட்டிங்) அதிகபட்சம் 8 பிளாக், அதாவது ஆம்ப், எஃபெக்ட் எல்லாம் சேர்த்து எட்டு. அதுவும் 3.0 அப்டேட்டுக்குப் பிறகுதான், முதலில் 6 தான் இருந்தது. இரண்டு ஆம்ப், கனமான ஒரு ரிவர்ப் என்று போட்டுவிட்டு அடுத்த எஃபெக்டைத் தேடினால், சிப்பின் சக்தி போதாமல் பட்டியலில் பாதி பெயர்கள் மங்கிப்போய் நிற்கும். அழுத்தினாலும் எடுக்காது.

மேடையில் அதைவிடப் பெரிய தலைவலி ஸ்னாப்ஷாட், அதாவது ஒரே ப்ரீசெட்டுக்குள் சத்தம் அறுபடாமல் டோன் மாற்றும் வசதி. ஒரு சினிமாப் பாட்டை எடுங்கள். முன்னிசைக்கு அக்கூஸ்டிக் மாதிரி ஒரு டோன், பல்லவிக்கு கோரஸ் போட்ட க்ளீன், இடையிசையில் டிஸ்டார்ஷன் லீட், சரணத்தில் வால்யூம் குறைத்த இன்னொரு க்ளீன். நாலு ஆச்சா? ஸ்டாம்பில் ஸ்னாப்ஷாட் மூன்று, கால் ஸ்விட்சும் மூன்று. ஹீலிக்ஸில் ஸ்னாப்ஷாட் எட்டு. ஸ்டாம்பில் நாலாவது டோனுக்கு ப்ரீசெட்டையே மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒரு நொடிக்கும் குறைவாகச் சத்தம் அறுபடும். வீட்டில் அது தெரியவே தெரியாது. தாளக்காரர் சரணத்துக்குள் நுழையும் இடத்தில் அறுந்தால் மேடையில் இருக்கும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மைக் கேபிள் மாதிரியான மூன்று முள் எக்ஸ்எல்ஆர் அவுட்டும் ஸ்டாம்பில் கிடையாது. மேடையில் மிக்ஸருக்குப் போகும் கேபிள்களைச் செருகும் ஸ்டேஜ் பாக்ஸுக்குப் போக, சிக்னலை அதற்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் தனியாக வாங்க வேண்டும். ஹீலிக்ஸில் பின்னாலேயே இருக்கிறது, மைக் இன்புட் உள்பட.

ஸ்டாம்பை நான் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே பெடல்போர்டு வைத்திருப்பவர்களுக்கும், ரெண்டு மூணு டோனில் முழு நிகழ்ச்சியையும் முடித்துவிடுபவர்களுக்கும் அதைவிட உருப்படியான பெட்டி கிடைப்பது கஷ்டம். சின்னது, பெரியது விவகாரம் மற்ற பிராண்டுகளிலும் உண்டு. ஃப்ராக்டல் கம்பெனியில் சின்ன எஃப்எம்3க்கு ஒரு ஆம்ப் பிளாக், பெரிய எஃப்எம்9க்கு இரண்டு. பாஸ் (Boss) கம்பெனியின் சின்ன மாடலான ஜிடி-1000 கோரில், வால்யூம் போன்றவற்றைக் காலால் ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் பெடலே கிடையாது. “அதே சவுண்டு” என்று யாராவது சொன்னால், சவுண்டை விட்டுவிட்டு ஸ்விட்ச் எத்தனை, ஸ்னாப்ஷாட் (சில கம்பெனிகளில் சீன் என்பார்கள்) எத்தனை, அவுட்புட் என்னென்ன என்று கேளுங்கள். உங்கள் லிஸ்டிலேயே சிக்கலான பாட்டின் டோன்களைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது பேச்சில் செய்த ஏமாற்று. பெட்டிக்குள் இருந்தது வேறு கதை.

புதுசு என்று சொல்லித்தான் விற்றார், புது விலைதான் வாங்கினார். வீட்டில் ப்ரீசெட்டுகளைத் தள்ளிக்கொண்டே போனால் நடுவில் ‘சண்டே வொர்ஷிப்’, ‘சண்டே லீட் புதுசு’ என்று இரண்டு. எந்தக் கம்பெனி ஐயா இப்படிப் பெயர் வைத்து அனுப்புகிறது? எல்லா ப்ரீசெட்டுக்கும் பொதுவான குளோபல் ஈக்யூவில் ஹை எல்லாம் வெட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் வெல்க்ரோ ஒட்டிப் பிய்த்த பசை, துடைத்தும் போகாமல் விரலில் பிசுபிசுத்தது. யாரோ ஒரு புண்ணியவான் சர்ச்சில் வைத்து வாசித்த பீஸ் அது.

அடாப்டரும் கம்பெனியுடையது அல்ல. ஒரிஜினல் 9 வோல்ட், 3 ஆம்பியர். எனக்கு வந்தது 9 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், மேலே பெயரே இல்லாத ஒன்று. அதைப் போட்டால் ஸ்க்ரீன் வரும், லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும். வோல்ட் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஆம்பியரையும் படித்துப் பாருங்கள். சாதாரண பெடல் பவர் சப்ளையின் ஒற்றை அவுட்புட்டிலும் இதே தொல்லை வரும்.

கொண்டுபோய்க் கேட்டதற்கு, “பெட்டியைப் பிரிச்சிட்டீங்களே, எடுத்துக்க முடியாது. அது சாஃப்ட்வேர் ப்ராப்ளம்” என்றார். பில்? வாங்கிய அன்று கையில் கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு. ஜிஎஸ்டி பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார், வரவில்லை. சீட்டில் சீரியல் நம்பரும் இல்லை. சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் கைக்கு வரும்வரை பணம் அனுப்பாதீர்கள். பெட்டி மேல் உள்ள நம்பரும் கருவியின் அடியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று கவுன்டரிலேயே பாருங்கள்.

நல்லவேளையாகப் பணம் யுபிஐயில் போனதால் அதற்குத் தடயம் இருக்கிறது. அந்த ஸ்க்ரீன்ஷாட், எஸ்டிமேட் சீட்டு, ப்ரீசெட் பெயர்களின் போட்டோ, பசையின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடையிலிருந்து ஒரிஜினல் அடாப்டர் மட்டும் கூரியரில் வந்தது, கூடவே “முடிச்சுக்கலாம் தம்பி” என்று ஒரு மெசேஜ். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே புகார் கட்டணம் கிடையாது. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே கடையில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே போடலாம்.