அல்சூர் ஃபுட்பால் கஃபே: பாயிண்ட் ஏன் வரலன்னு புரியணும்னா ஒரு சனிக்கிழமை போயிட்டு வாங்க

பெங்களூர்ல உக்காந்து அமெரிக்கன் ஃபுட்பால் பாக்கறவங்களுக்கு பெரிய தொல்லையே நேரம்தான். அங்க நியூயார்க் நேரம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் 1 மணி ஆட்டம்னா இங்க ராத்திரி 10:30, நவம்பர்ல அவங்க கடிகாரத்த மாத்தினதுக்கு அப்புறம் 11:30, நம்ம ஊர்ல பாரெல்லாம் 1 மணிக்கு மூடிடுவாங்க, அப்ப பாதி ஆட்டத்துல எழுந்து வரவேண்டியதுதான். அல்சூர் மெட்ரோ பக்கத்து சந்துல இருக்கற இந்த கஃபேல அதனாலயே லைவ் போடறதில்ல. சனிக்கிழமை சாயந்திரம் பழைய ஆட்டம் ஒண்ண எடுத்து பெரிய ஸ்கிரீன்ல ஓட்டி, நிறுத்தி, பின்னாடி ஓட்டி, மறுபடி நிறுத்தி பேசறாங்க. டிவி ஆங்கிள் இல்ல, மேல இருந்து எடுத்தது, 22 பேரும் ஒரே ஃபிரேம்ல தெரிவாங்க. டிவில கேமரா பந்து பின்னாடியே போயிடும், ஆட்டம் கெட்டுப்போற இடம் பந்து இருக்கற இடமா எப்பவும் இருக்காது, அதுக்காகவே இந்த ஆங்கிள்ல பாக்கணும்.

நான் போனப்ப போட்டது 2024 நவம்பர் 10 ஆட்டம், சிகாகோ பேர்ஸ் சொந்த கிரவுண்ட்ல நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ்கிட்ட 19-3ன்னு தோத்தது. மொத்த ஆட்டத்துக்கும் பேர்ஸுக்கு ஒரே ஒரு ஃபீல்டு கோல் (பந்தை கம்பத்துக்கு நடுவுல உதைச்சு எடுக்கற 3 பாயிண்ட்), அவ்ளோதான். சரி ஆளுக்குப் பஞ்சமான்னு பாத்தா அதுவும் இல்ல. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறியறவர், கேலப் வில்லியம்ஸ், அந்த வருஷ டிராஃப்ட்ல (காலேஜ் பசங்கள டீமுங்க வரிசையா எடுக்கறது) முதல் ஆளா எடுத்த பையன். பந்து பிடிக்கற ரிசீவரா டிஜே மூர், கீனன் ஆலன், ரோம் ஒடூன்ஸே. இவ்ளோ பேர வெச்சுக்கிட்டு ஒரு டச்டவுன் (பந்தை எதிராளி கோட்டுக்குள்ள கொண்டுபோறது) கூட இல்லன்னா எப்படின்னுதான் எல்லாருக்கும் தோணும்.

பக்கத்து டேபிள்ல ஒருத்தர் "பந்தை சீக்கிரம் விட்டா என்ன இவனுக்கு"ன்னு கத்தினார், ஓனர் அண்ணன் ஓசூர்காரர், தமிழ் டேபிள்னா தமிழ்லயே பேசுவார், "தம்பி கேலப்ப அப்புறம் திட்டலாம், மொதல்ல அவர் முன்னாடி தடுக்க நிக்கற லைன், அந்த அஞ்சு பேரப் பாருங்க"ன்னு வீடியோவ நிறுத்திட்டு அஞ்சு காபி டம்ளர டேபிள் மேல வரிசையா வெச்சார். எதிராளி நாலு பேர்தான் பாய்றாங்க, இங்க தடுக்க அஞ்சு பேர் நிக்கறாங்க, அப்படியும் ஒருத்தன் உள்ள வந்துட்டான்னா மீதி ஆட்டமே முடிஞ்சுது. தூரத்துல ஓடற ரிசீவர் திரும்பி பந்தைப் பாக்க மூணு செகண்டாவது வேணும், அதுக்குள்ள குவார்ட்டர்பேக் தரையில கிடக்கறார். பந்தை எறியறதுக்கு முன்னாடியே அவர இப்படி வீழ்த்தறதுதான் சாக், அந்த ஒரு ஆட்டத்துல மட்டும் 9 சாக்.

இதுல எனக்கு ரொம்ப உறைச்சது கணக்குதான். நாலு டவுன்ல, அதாவது நாலு முயற்சில, 10 யார்டு முன்னாடி போகணும், இல்லன்னா பந்து எதிராளிக்கு. ஃபர்ஸ்ட் டவுன்லயே சாக் ஆகி 7 யார்டு பின்னாடி போயிட்டா அடுத்து 17 யார்டு வேணும், செகண்ட் டவுன்ல ஓடி ஒரு 3 எடுத்தாலும் தேர்ட் டவுன்ல 14 பாக்கி, அந்த நிலைமைல நீ பாஸ்தான் போடுவன்னு எதிராளிக்குத் தெரியும், ஓட்டத்தப் பத்தி யோசிக்காம நேரா உன் மேலயே பாய்வான். அப்ப தேர்ட் டவுன்ல போச்சேன்னு நம்ம புலம்பறது தப்பு, அது ஃபர்ஸ்ட் டவுன்லயே போயிடுச்சு. நடுவுல ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட்னா (ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே அசையறது) 5 யார்டு, ஹோல்டிங்னா (எதிராளிய பிடிச்சு இழுக்கறது) 10 யார்டு பின்னாடி போகணும், இது வேற. கஷ்டப்பட்டு கடைசி 20 யார்டுக்குள்ள போனாலும் அங்க இடம் கம்மி, டிஃபென்ஸுக்கு பின்னாடி காக்கவேண்டிய தூரமே இல்ல, லைன் வலுவா தள்ளி ஓட வழி பண்ணலன்னா 7 பாயிண்ட்டுக்கு பதிலா 3 வாங்கிட்டு திரும்பவேண்டியதுதான்.

அந்த ஆட்டம் முடிஞ்ச ரெண்டாவது நாள் பேர்ஸ் அவங்க அஃபென்ஸ் கோஆர்டினேட்டர், அதாவது பந்து கையில இருக்கறப்ப என்ன ஆடணும்னு சொல்ற கோச், ஷேன் வால்ட்ரன வேலைய விட்டு தூக்கிட்டாங்க. அவர் பிளே (அடுத்த ஆட்டத் திட்டம்) கூப்பிட்டதுல குறை இருந்தது, குவார்ட்டர்பேக் பந்தை ரொம்ப நேரம் கையில வெச்சிருக்காருங்கறதும் உண்மைதான், நான் அவங்கள காப்பாத்த வரல. ஆனா சீசன் முடியறப்ப கேலப் மேல 68 சாக், லீக்லயே அதிகம், 2002ல டேவிட் கார் வாங்கின 76தான் இன்னிக்கும் ரெக்கார்டு. ஒரு கோச்ச மாத்தினா இது தீராது. 2025ல அவங்க பென் ஜான்சன ஹெட் கோச்சா கொண்டுவந்ததோட நிக்காம ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன்னு லைனோட நடுவுல நிக்கற மூணு இடத்துக்கும் புது ஆள் எடுத்தாங்க பாருங்க, அதுதான் நோய் எங்கன்னு புரிஞ்சு பண்ணின வேலை. ரிசீவருக்கு கோடி கோடியா கொட்டற டீம் எல்லாம் இதப் பாக்கணும்னு எனக்கு ஆத்திரமாவே வருது.

சரி, கஃபே விஷயம். என்ட்ரி 300 ரூபா, அத பில்லுல கழிச்சுடறாங்க. சிக்கன் சுக்காவும் பரோட்டாவும் சூப்பர், சுக்கால மிளகு தூக்கலா இருக்கு. ஃபிரைஸ் வாங்காதீங்க, நமத்துப்போய் வந்துச்சு. ஃபில்டர் காபி கேட்டா கேட்ட நேரத்துக்கு வருது, ஸ்ட்ராங்கா வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க. பிளாஸ்டிக் சேர்தான், ரெண்டு மணி நேரத்துக்கு மேல முதுகு வலிக்கும், குஷன் போட்டா புண்ணியமா போகும். பார்க்கிங் சுத்தமா கிடையாது, மெட்ரோல வாங்க.

டவுன்னா என்னன்னே தெரியாத ஆளக் கூட்டிட்டுப் போறதா இருந்தா கொஞ்சம் முன்னாடியே போய் அண்ணன்கிட்ட சொல்லுங்க, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தனியா உக்காந்து பொறுமையா சொல்லித் தரார், என் கூட வந்த மச்சானுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார், ஒரு ரூபா கூட எக்ஸ்ட்ரா கேக்கல. சுவத்தோரம் உக்காந்தா தூண் மறைக்குது, அதனால 6 மணிக்குள்ள போய் நடு வரிசைல இடம் பிடிச்சுடுங்க. என்னோட ரேட்டிங் 5க்கு 4, அந்த ஒண்ணு சேருக்காக குறைச்சது.