29(2)ஆ, 9ஆம் உறுப்புரையா?

சுதந்திர இலங்கையின் முதல் அரசியல் யாப்பான சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு சொன்னது நேரானது: ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ இல்லாத சலுகையை இன்னொரு இனத்தவருக்கோ மதத்தவருக்கோ நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுக்கக் கூடாது. 1972இல் அது போனது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978 யாப்பில் அது 9ஆம் உறுப்புரை. பௌத்த சாசனத்தைப் பேணி வளர்ப்பது அரசின் கடமை. மற்ற மதங்களுக்கு வழிபாட்டு உரிமை உண்டு.

அந்த உரிமை வன்னியில் எப்படி இருக்கிறது? சிவன் கோயில் இருக்கிற வெடுக்குநாறி மலைக்குப் போனால் தெரியும். காற்றுக்குத் திரி அணையாமல் கிழவிகள் இரண்டு கையாலும் விளக்கைப் பொத்திப் பிடித்திருப்பார்கள். 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவு, அங்கே பூசை செய்தவர்களில் பூசகர் உட்பட எட்டுப் பேரைப் பொலிஸ் கைதுசெய்தது. மார்ச் 19இல்தான் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சாமி கும்பிட்டதற்குப் பதினொரு நாள் விளக்கமறியல்! இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

29(2) நம்மைக் காப்பாற்றியதா என்றால், முழுதாக இல்லை. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அது தடுக்கவில்லை. அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் கோமறைக் கழகமும் (பிரிவி கவுன்சில்) 1953இல் கைவிரித்தது. ஆனாலும் நான் 29(2) பக்கம்தான். அதைப் பிடித்துக்கொண்டு வழக்காடவாவது முடிந்தது. 9இன் கதை வேறு: 2003இல் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபைக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்க வந்த கூட்டிணைப்புச் சட்டமூலம் 9ஆம் உறுப்புரைக்கு முரண் என்று உயர் நீதிமன்றமே சொன்னது. 9ஐ மாற்றவோ, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்.