சைனஸ் வீனோசஸ் துளை: நெஞ்சைத் திறப்பதா, தொடைச் சிரை வழியே செல்வதா?

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் என் சித்தி மகளுக்கு, 36 வயதில், கூடையைத் தலையில் ஏற்றி வரப்பைக் கடப்பதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியது. எக்கோவில் இதயத்தில் ஓட்டை என்று தெரிந்ததும், குடை மாதிரி ஒன்றை வைத்து அடைத்துவிடுவார்கள் என்று ஆளுக்கொருவர் ஆறுதல் சொன்னார்கள். அவளுக்கு இருந்தது சைனஸ் வீனோசஸ் என்ற அரிய வகைத் துளை, அதற்குக் குடை பொருந்தாது என்பது சிடி ஸ்கேன் எடுத்த பிறகே விளங்கியது.

இதயத்தின் இரண்டு மேலறைகளைப் பிரிக்கும் சுவரின் நடுவே வரும் வழக்கமான துளையைச் சுற்றி விளிம்பு இருக்கும். குடைக் கருவி அதைப் பற்றிக்கொண்டு நிற்கும். மேலறைத் துளைகளில் 5 முதல் 10 விழுக்காடே காணப்படும் சைனஸ் வீனோசஸ் துளையோ, பெரும்பாலும், உடலின் மேற்பகுதி இரத்தத்தைக் கொண்டுவரும் மேல் பெருஞ்சிரை இதயத்தில் சேரும் வாயருகே, பற்றுவதற்குப் போதிய விளிம்பின்றி அமைகிறது. வலது நுரையீரலின் மேல் சிரையும் பெரும்பாலும் அந்தப் பெருஞ்சிரையிலேயே வந்து கலந்துவிடுகிறது. எனவே துளையை மூடினால் மட்டும் போதாது; அந்தச் சிரையின் இரத்தம் நெருக்கடியின்றி இடது மேலறைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு சிகிச்சைகளையும் இதை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அறுவை சிகிச்சையில் நெஞ்செலும்பைத் திறந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன், ஒட்டுத்துண்டு வைத்து இரத்தத்தைத் திருப்பிவிடுகிறார்கள். நுரையீரல் சிரை உயரத்தில் சேர்ந்திருந்தால், 1984இல் வார்டன் குழுவினர் விவரித்த முறைப்படி பெருஞ்சிரையை வெட்டி வலது மேலறையின் துணைப்பையோடு இணைக்கிறார்கள். இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு அருகிலேயே இருப்பதால் துடிப்புக் கோளாறு வரலாம். பின்னாளில் சிரை சுருங்கவும் கூடும். ஆயினும் பல பத்தாண்டு அனுபவம் இதற்கு உண்டு. வளரும் குழந்தைகளுக்கு இதுவே பொருத்தமானது.

தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தும் கத்தீட்டர் முறையில், உறை போர்த்திய நீண்ட ஸ்டென்டை (வலைக்குழாயை) பெருஞ்சிரையிலிருந்து வலது மேலறை வரை பொருத்துகிறார்கள். நுரையீரல் சிரையின் இரத்தம் அந்த உறைக்குப் பின்புறமாக, துளையின் வழியே, இடப்பக்கம் போய்விடுகிறது. இதில் என்னைக் கவர்ந்தது, பொருத்துவதற்கு முன் நடக்கும் பலூன் சோதனை. ஸ்டென்ட் நிற்கப்போகும் இடத்திலேயே பலூனை ஊதி, கசிவு நிற்கிறதா, நுரையீரல் சிரை நெரிபடுகிறதா என்று உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்க்கிறார்கள். நெரிபட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். சரியாக அமைந்தால் சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க மாதக்கணக்கில் மாத்திரை வேண்டும், ஸ்டென்ட் நகரும் ஆபத்தும் உண்டு. ஆகையால் இதய அறுவை நிபுணர்கள் உடனிருக்கும் மருத்துவமனையில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

தருமபுரியிலிருந்து சேலம், பெங்களூரு, வேலூர், சென்னை என எங்கே போவதானாலும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்டின் முழு விலையும் அடங்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவது அவசியம்.

என் தங்கைக்குப் பலூன் விரிந்ததும் நுரையீரல் சிரையில் அழுத்தம் கூடியது. உடனே பலூனைச் சுருக்கிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அறுவை சிகிச்சை நடந்தது. நெஞ்செலும்பு கூடும்வரை மூன்று மாதம் அவள் கூடை தூக்கவில்லை. அதுவரை அவளுடைய நாத்தனார் கூலிக்குப் போனார்.