ஒப்பந்த நிறுவனமா, தொலைவிலிருக்கும் சொந்த ஊழியரா?

கடல் கடந்து வேலை வாங்க விரும்பும் நிறுவனத்துக்கு இன்று முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டு ஒப்பந்த நிறுவனத்திடம் வேலையையே ஒப்படைத்துவிடலாம். அல்லது அந்த நாட்டிலிருக்கும் ஒருவரைத் தன் ஊழியராகவே சேர்த்து, அவர் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கச் செய்யலாம். பலர் இரண்டையும் மணிக்கூலியை மட்டும் வைத்து எடைபோடுகிறார்கள். நான் கேட்பது வேறு: ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த வேலையின் நெளிவுசுளிவு தெரிந்தவர் யாரிடம் இருப்பார்?

1989இல் கோடாக் தன் கணினி மையங்களை ஐ.பி.எம்.மிடம் ஒப்படைத்தது. இப்படிக்கூடச் செய்யலாமா என்று தயங்கி நின்ற பெரிய நிறுவனங்களுக்கு அது துணிச்சல் கொடுத்தது. ஒப்பந்த முறையின் வசதி உண்மையானது. இந்த மாதம் நாற்பது பேர் வேண்டும், அடுத்த காலாண்டில் பத்துப் பேர் போதும் என்றால், வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் காத்திருப்பவர்களை அனுப்புவார்கள், வேலை முடிந்ததும் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். சம்பளம், விடுப்பு, வரி எல்லாம் அவர்கள் பாடு. சேவை ஒப்பந்தத்தில் எழுதியது நடக்கும்.

ஆனால் பெரும்பாலும் எழுதியது மட்டுமே நடக்கும். டிக்கெட்டை, அதாவது கோளாறு பற்றிய புகார்ப் பதிவை, நான்கு மணி நேரத்துக்குள் மூட வேண்டும் என்றால் மூடிவிடுவார்கள். அதே கோளாறு வாரத்துக்கு மூன்று முறை ஏன் வருகிறது என்று தோண்டிப் பார்க்க ஒப்பந்தத்தில் யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. அக்கறையோடு தோண்டிப் பார்த்த ஒருவர் இருந்தாலும், அடுத்த ஆண்டு அவரை வேறு க்ளையன்ட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அவர் சேர்த்துவைத்த அறிவு, புதிதாக வருபவருக்கு கே.டி. எனப்படும் இரண்டு வார அறிவுக் கைமாற்றுப் பயிற்சியில் எப்படி இறங்கும்? ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஐ.டி. வேலைகளில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை வெளியே கொடுத்திருந்தது. 2012இல் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கி, 90 விழுக்காட்டை உள்ளே கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் இத்தனை சிரமப்பட்டுத் திரும்பியதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

தொலைநிலை ஊழியரிடம் அந்த அறிவு ஆண்டுக்கு ஆண்டு தங்கி வளரும். இதற்கும் விலை உண்டு. அவர் வாழும் நாட்டின் தொழிலாளர் சட்டம், சமூகப் பாதுகாப்புத் தொகை, பணிநீக்க விதிகள் எல்லாம் பொருந்தும். சில சூழல்களில் நிறுவனமே அங்கே தொழில் நடத்துவதாகக் கருதி வரி கேட்பார்கள். சட்டப்படியான முதலாளியாக இடையில் நின்று இதைக் கவனிக்கும் நிறுவனங்களுக்கு மாதக் கட்டணம் கொடுக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால், எதிர்பார்த்த சேமிப்பில் ஒரு பங்கு போய்விடும்.

வீட்டிலிருந்தால் வேலை நடக்குமா என்ற சந்தேகத்துக்குச் சீனப் பயண நிறுவனமான சிட்ரிப் ஒன்பது மாதச் சோதனையில் பதில் கண்டது. அழைப்பு மைய ஊழியர்களில் விருப்பப்பட்டவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். அவர்களுடைய செயல்திறன் 13 விழுக்காடு கூடியது, வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். எனக்கு உறுத்துவது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: செய்த வேலைக்கு ஈடாகப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்தது. ஒரே நகரத்துக்குள்ளேயே இப்படியென்றால், கடல் கடந்து இருப்பவரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? தொலைநிலைப் பணியின் மிகப்பெரிய அநீதி இதுதான். பதவி உயர்வுப் பட்டியலைத் தயாரிப்பவர் முன் ஒவ்வொருவரும் செய்த வேலையின் எழுத்துப் பதிவு இருந்தாக வேண்டும்.

வெளிநாட்டில் சொந்த மையம் திறப்பது மூன்றாவது வழி. பல நூறு பேருக்கு வேலை இருந்தால் யோசிக்கலாம், சிறிய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது.

எந்த வேலை எல்லை தாண்டும் என்பதற்குப் பொருளாதார அறிஞர் ஆலன் பிளைண்டர் 2006இல் நல்ல அளவுகோல் கொடுத்தார். படிப்பு எவ்வளவு என்பதைவிட, தரம் குறையாமல் கம்பி வழியே அனுப்ப முடியுமா என்பதே கேள்வி என்றார். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: அந்த வேலையை முழுவதும் விதிகளாக எழுதிவிட முடியுமா? முடியுமென்றால் மென்பொருள் முதலில் கைவைப்பது அதில்தான். ஒப்பந்த நிறுவனங்கள் செழித்ததும் அதே வேலையில்தான்.

ஆகவே மாதாமாதம் ஒரே மாதிரி வந்து குவியும் வேலைக்கு ஒப்பந்த நிறுவனத்தை எடுங்கள். வாடிக்கையாளரோடு பேசவும், சொந்தமாக முடிவெடுக்கவும் வேண்டிய வேலைக்குத் தயங்காமல் ஒருவரை ஊழியராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். இருவருக்கும் பகலில் மூன்று மணி நேரமாவது பொதுவாகக் கிடைக்க வேண்டும். அது முடியாதபடி இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் பத்து மணி நேர இடைவெளி என்றால், ஒரு வாரம் உங்கள் வசதிக்கும் மறு வாரம் அவர் வசதிக்கும் கூட்டத்தை வையுங்கள். எல்லா இரவும் அவர் தலையிலேயே விழ வேண்டாம்.