எட்டிம்ஆன்லைன்: ‘பெர்ஸ்னிக்கெட்டி’யைத் தேடிப் பார்த்தால்

தொட்டதற்கெல்லாம் நொட்டை சொல்லும் ஆளை அமெரிக்கர்கள் ‘பெர்ஸ்னிக்கெட்டி’ என்பார்கள். சொற்பிறப்பு அகராதியை எடைபோட ஏற்ற சொல் இது. மூலம் யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது என்பதால், அகராதி கதை கட்டுகிறதா என்பது உடனே வெளிப்பட்டுவிடும்.

டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொடங்கிய எட்டிம்ஆன்லைன், ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் இலவசத் தளம். அது கதை கட்டவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் எழுத்தில் வந்த ‘பெர்னிக்கெட்டி’தான் மூத்த வடிவம். நடுவில் ‘ஸ்’ நுழைந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவில். அதற்கு முந்தைய மூலம் உறுதியில்லை என்று ஒப்புக்கொள்கிறது. எனவே ‘ஸ்னிக்’ என்று வெட்டி வேர் தேட வேண்டாம். அந்த ‘ஸ்’ பிறகு ஒட்டியது.

சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் சறுக்கும் இடம். கிடைத்தவற்றில் மிகப் பழைய எழுத்துச் சான்றின் ஆண்டு அது. பேச்சில் முன்பே புழங்கியிருக்கலாம். ‘ஒருவேளை’ என்று போட்டிருந்தால் அதையும் விடாமல் படியுங்கள். கிட்டத்தட்ட இதே பொருள் தரும் ‘ஃபினிக்கி’யைத் தேடினால் அதோடு நிற்காமல் ‘ஃபினிக்கல்’ இணைப்பையும் தட்ட வேண்டும், பாதி வரலாறு அங்கேதான் இருக்கிறது.

லத்தீன் வழி வந்த சொற்களில் தளம் இன்னும் பலம். ‘ஃபாஸ்டிடியஸ்’ஸின் வேர்ச்சொல்லுக்கு அருவருப்பு என்று பொருள், அதிலிருந்து ‘எளிதில் திருப்திப்படாதவர்’ வரை பொருள் நகர்ந்த கதை தெளிவாகக் கிடைக்கும். சின்ன விஷயத்துக்கும் அலட்டிக்கொள்பவரைச் சொல்லும் ‘ஃபஸ்பட்ஜெட்’டில் வரும் பட்ஜெட், பழைய பிரெஞ்சில் சின்னத் தோல்பை. நிதியமைச்சர் வாசிக்கும் பட்ஜெட்டும் அதே பைக்குள்ளிருந்து வந்ததுதான்!

பெரிய குறை, அந்தச் சொல் வந்த பழைய நூல்களின் மேற்கோள் வரிகள் அரிது. சொன்னதை அங்கேயே சரிபார்க்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் மேற்கோள்கள் ஆண்டுவாரியாக உண்டு, ஆனால் சந்தா கட்ட வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பொது நூலக அட்டை எண்ணே போதும். ‘பெர்ஸ்னிக்கெட்டி’க்கு மட்டும் என்றால் ஸ்காட்ஸ் மொழி அகராதித் தளத்துக்குப் போங்கள். இலவசம், மேற்கோள்களும் உண்டு. அங்கே ‘ஸ்’ இல்லாத வடிவத்தைத் தட்டுங்கள். 1700 வரையிலான பகுதி, அதற்குப் பிந்தைய பகுதி என இரண்டு இருக்கும். இது பின்னதில் வரும்.

கட்டுரையில் ஆண்டை மேற்கோளோடு குறிப்பிட வேண்டியவர் மட்டும் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் காசு கொடுத்தால் போதும். உச்சரிப்பு கேட்க மெரியம்-வெப்ஸ்டர் தளம் இலவசம்.