பதினாறு ஆண்டுகள் கட்டிய ஓய்வூதியப் பாலிசி: ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கரின் அனுபவம்

2024 மார்ச் முதல் ஒவ்வொரு மாதமும் என் வங்கிக் கணக்கில் 2,040 ரூபாய் வரவு வைக்கப்படுகிறது. ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் சந்தை சார்ந்த ஓய்வூதியத் திட்டத்தில், 2008 பிப்ரவரியில் தொடங்கி ஆண்டுக்கு 24,000 ரூபாய் வீதம் பதினாறு தவணைகளாக 3,84,000 ரூபாய் கட்டியதன் பலன் அது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் காலத்தில் விற்கப்பட்ட இவ்வகைத் திட்டங்கள் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், படிப்பவர்களுக்குப் பெயரைவிடக் கணக்குதான் பயன்படும்.

கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையில் 1992 முதல் கணக்கராக இருந்தேன். எங்கள் தொழிலில் கழிவு என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை சொட்டச் சொட்ட வந்து இறங்கும். ஈரத்துக்கும் சாக்குக்கும் இத்தனை கிலோ என்று கழித்துக்கொண்டுதான் எடையை எழுதுவோம். ஒரு கிலோ கூடுதலாகக் கழித்துவிட்டால் இலை கொண்டுவந்தவர் தராசை விட்டு நகரமாட்டார். "மறுபடி போடுங்க கணக்கரே" என்று நிற்பார். நானும் மறுபடி போட்டுக் காட்டுவேன். அப்படிப்பட்ட இடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன், தன் சொந்தப் பணத்தில் கழிக்கப்பட்டதைப் பல ஆண்டுகள் கவனிக்கவில்லை என்பதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்தத் திட்டத்தில் சேர்ந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில், ஊதியத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்துத்தான் மாதத் தொகையைக் கணிப்பார்கள். 2008இல் அதற்கான ஊதிய உச்சவரம்பு 6,500 ரூபாய். ஓய்வு பெறும்போது எனக்கு 28 ஆண்டுகள் கணக்கில் வரும் என்று வைத்துப் பார்த்தால் மாதம் 2,600 ரூபாய்தான் கிடைத்தது. (2014 செப்டம்பரில் உச்சவரம்பு 15,000 ஆனதால் இப்போது 4,000 ரூபாயை ஒட்டி வருகிறது.) மலையில் வீட்டு வாடகையும் குளிர்கால மருந்துச் செலவும் இதில் அடங்காது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆகவே இன்னொரு ஓய்வூதியம் வேண்டும் என்ற முடிவில் பிழையில்லை. எதை வாங்கினேன் என்பதில்தான் பிழை.

வருமான வரிக்குச் சேமிப்புச் சான்று கொடுக்க வேண்டிய பிப்ரவரி மாதத்தில், தெரிந்தவர் ஒருவரின் மைத்துனர் முகவராக வந்தார். அவர் காட்டிய பலன் விளக்கத் தாளில் இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்று முதலீடு ஆண்டுக்கு 6 சதவீதம் ஈட்டினால், மற்றொன்று 10 சதவீதம் ஈட்டினால். அன்றைய விதிப்படி அந்த இரண்டு விகிதங்களிலும்தான் காட்ட வேண்டும். முகவரின் பேனா 10 சதவீதப் பத்தியின் கடைசி வரியில், ஏழு லட்சத்து நாற்பதாயிரத்தை ஒட்டிய ஒரு தொகையின் மீதே நின்றது. இரண்டுமே உத்தரவாதமற்ற அனுமானங்கள் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்தபின் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 15 நாள் அவகாசமும் இருந்தது. அந்தப் பதினைந்து நாளும் பத்திரம் உறையோடு பீரோவில் கிடந்தது.

முதல் ஆண்டுக் கணக்கு அறிக்கை 2009 பிப்ரவரியில் வந்தது. கட்டியது 24,000, மதிப்பு 12,400. உலகச் சந்தைகள் சரிந்திருந்த நேரம் என்பதால், முழுப் பழியையும் சந்தையின் மேல் போட்டேன். உண்மையில் 24,000 ரூபாயில் 25 சதவீதம், அதாவது 6,000 ரூபாய், 'பிரீமிய ஒதுக்கீட்டுக் கட்டணம்' என்ற பெயரில் முதல் நாளே எடுக்கப்பட்டிருந்தது. 18,000 ரூபாய்க்குத்தான் யூனிட்டுகள், அதாவது நிதியில் என் பங்கைக் குறிக்கும் அலகுகள், வாங்கப்பட்டன. அந்த ஆண்டு இந்தப் பாலிசியால் எனக்கு மிச்சமான வருமான வரி, செஸ் உட்பட, 2,472 ரூபாய். வரி மிச்சம் என்று சொல்லி விற்கப்பட்ட பொருளுக்கு, அந்த மிச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நுழைவுக் கூலி கொடுத்திருக்கிறேன்.

தொலைபேசியில் முகவரிடம் கேட்டபோது, "பயப்படாதீங்கண்ணா, எல்லாருக்கும் இப்படித்தான் ஆகியிருக்குது. பாதுகாப்பான ஃபண்டுக்கு மாத்திடலாங்க" என்றார். பங்கும் கடன் பத்திரமும் கலந்த நிதியிலிருந்து முழுக்க கடன் பத்திர நிதிக்கு மாறும் படிவத்தில் கையெழுத்திட்டேன். 2009 மார்ச்சில் 10,000 புள்ளிகளுக்குக் கீழே கிடந்த சென்செக்ஸ், 2010 மார்ச்சில் 17,000ஐத் தாண்டிவிட்டது. நட்டம் சந்தையில் வந்தது; அதை நிரந்தரமாக்கியது என் கையெழுத்து. இதற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

கட்டணங்களுக்கு வருகிறேன். ஒதுக்கீட்டுக் கட்டணம் முதல் ஆண்டு 25 சதவீதம், இரண்டாம் ஆண்டு 10, அதன்பின் 3. பதினாறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 18,480 ரூபாய். அடுத்தது பாலிசி நிர்வாகக் கட்டணம். இது மாதம் 60 ரூபாயில் தொடங்கி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று பத்திரத்தில் இருக்கிறது. பணமாகக் கேட்கமாட்டார்கள், அதற்கு ஈடான யூனிட்டுகளை மாதா மாதம் ரத்து செய்துகொள்வார்கள். அறிக்கையில் ஒரே மாதிரியான பன்னிரண்டு வரிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று யூனிட்டுகள் என்று தசம புள்ளியோடு குறைந்திருக்கும். பதினாறு ஆண்டு அறிக்கைகளையும் ஒரு நீளப் பேரேட்டில் வரி வரியாக எழுதிக் கூட்டியபோது இது 17,000 ரூபாயைச் சற்றுத் தாண்டியது.

இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தவை. மூன்றாவதான நிதி மேலாண்மைக் கட்டணம் எந்த அறிக்கையிலும் ரூபாயாக வரவேயில்லை. என் பாலிசியில் அது ஆண்டுக்கு 1.5 சதவீதம். நிதியின் மொத்த மதிப்பிலிருந்து ஒவ்வொரு நாளும் அதன் சிறு பங்கைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அன்றைய என்.ஏ.வி. எனப்படும் யூனிட் விலையை அறிவிக்கிறார்கள். ஆகவே யூனிட் எண்ணிக்கை குறையாது, கழிவு என்று ஒரு வரியும் வராது. வளர்ச்சிதான் மந்தமாகத் தெரியும். இலையை எடை போடுவதற்கு முன்பே, மூட்டையைத் தராசுக்கு வெளியே வைத்து இரண்டு கைப்பிடி அள்ளிவிட்டு, மீதிக்குத் துல்லியமாக எடை எழுதியதைப் போன்றது இது. எங்கள் ஊர்த் தோட்டக்காரர் யாரும் இதற்குச் சம்மதிக்கமாட்டார்.

ஒவ்வோர் ஆண்டின் சராசரி மதிப்பையும் எடுத்து 1.5 சதவீதம் போட்டுப் பார்த்தேன். கூட்டுத்தொகை 60,000 ரூபாயை ஒட்டி வந்தது. நான் ஆத்திரப்பட்ட முதல் ஆண்டின் 6,000 ரூபாயைப் போலப் பத்து மடங்கு. கடன் பத்திர நிதி ஏழு, ஏழரை சதவீதம் ஈட்டினாலே நல்ல ஆண்டு. அதில் ஒன்றரை சதவீதம் போவதென்றால் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்று பொருள். மூன்றையும் கூட்டி, கட்டணங்கள் மீதான சேவை வரியையும், 2017 ஜூலையிலிருந்து 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் ஒரு லட்சம் ரூபாய் தாண்டுகிறது. கட்டியது 3,84,000 என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டணங்களைப் பற்றி நாடு முழுவதும் புகார் எழுந்து, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2010 செப்டம்பர் 1 முதல் விதிகளை இறுக்கியது. பணம் முடங்கும் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாயிற்று, முதல் ஆண்டிலேயே பெரும் கட்டணத்தை அள்ளும் வழி அடைக்கப்பட்டது, ஓய்வூதியத் திட்டங்களுக்கு 4.5 சதவீத உத்தரவாதமும் கோரப்பட்டது. என் பாலிசி அதற்கு முந்தையது என்பதால் எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. 2011இல் சரண்டர் செய்து, பாதியிலேயே பணத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அப்படிச் செய்தால் வரிச் சலுகை பெற்றிருந்த தொகை வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும் என்றார்கள். பெரிய கட்டணங்களையும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. கிணறு பாதி தாண்டியவனின் நிலைமைதான்.

2024 பிப்ரவரியில் எனக்கு 58 வயது நிறைந்து பாலிசி முதிர்ந்தபோது நிதியின் மதிப்பு 5,88,800 ரூபாய். கட்டிய தேதிகளை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வருவாய். அதே பிப்ரவரிகளில் அதே 24,000 ரூபாயைத் தபால் அலுவலகத்தில் பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் போட்டிருந்தால், 8 சதவீதத்தில் தொடங்கி, 2012-13இல் 8.8 வரை ஏறி, 2020 ஏப்ரலில் 7.1க்கு இறங்கிய அதன் வட்டி விகிதங்களின்படி ஏறத்தாழ 7,70,000 ரூபாய் வந்திருக்கும். அதற்கு ஒரு ரூபாய்கூட வரி இல்லை. கட்டிய காலத்தில் பாலிசியில் ஆயுள் காப்பீடும் இருந்ததே என்று கேட்கலாம். நான் எடுத்தது காப்பீடு இல்லாத வகை. இறந்தால் நிதி மதிப்பு மட்டுமே வாரிசுக்குக் கிடைத்திருக்கும்.

முதிர்வுக்குப் பிறகும் கழிவு ஓயவில்லை. மூன்றில் ஒரு பங்கான 1,96,266 ரூபாயை வரியில்லாமல் கையில் கொடுத்தார்கள். மீதி 3,92,534 ரூபாய்க்கு ஆன்யூட்டி, அதாவது மொத்தத் தொகையைக் கொடுத்து ஆயுள் முழுவதும் மாதத் தொகை பெறும் ஏற்பாடு, வாங்கியே ஆக வேண்டும் என்பது விதி. அந்த ஆன்யூட்டி வாங்குவதற்கு 1.8 சதவீத ஜிஎஸ்டி. 6,941 ரூபாய் அங்கே போயிற்று. என் காலத்துக்குப் பின் மனைவிக்குத் தொடர்ந்து, இருவருக்கும் பின் மூலதனம் பிள்ளைகளுக்குத் திரும்பும் வகையைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குத்தான் 2,040 ரூபாய், அதாவது ஜிஎஸ்டி போக மீதித் தொகைக்கு ஆண்டுக்கு 6.35 சதவீதம். எனக்கு மட்டும், மூலதனம் திரும்பாது என்றால் 2,380 தருவதாகச் சொன்னார்கள். இரண்டிலும் தொகை ஆயுள் முழுவதும் ஒரு பைசா ஏறாது. பணிக்கொடையைப் போட்டிருக்கும் தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் எனக்கு 8.2 சதவீதம் தருகிறது. இந்தத் தொகையும் அங்கே இருந்திருந்தால் மாதத்துக்கு 2,680 ரூபாய் ஆகியிருக்கும். ஆனால் தபால் அலுவலக விகிதம் ஐந்தாண்டுகளுக்குத்தான் உறுதி; ஆன்யூட்டி எனக்குத் தொண்ணூறு வயதானாலும் அதே விகிதத்தில் வரும். அந்த ஒரு நன்மையை மறைப்பது நியாயமாகாது.

சேவையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பாலிசி எடுத்தபோது ஊட்டியில் இருந்த கிளையை இடையில் மூடிவிட்டார்கள். ஆண்டுக்கொரு முறை தர வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை முதல் முறை அஞ்சலில் அனுப்பினேன். வந்து சேரவில்லை என்றார்கள், இரண்டு மாதம் பணம் நின்றது. பிறகு மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய், நேரில் நின்று உயிரோடு இருப்பதை நிரூபித்துவிட்டு வந்தேன். போக வரச் செலவும் சாப்பாடும் கிட்டத்தட்ட 400 ரூபாய்.

தொழிற்சாலையில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் தம்பி, தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாமா என்று சென்ற ஆண்டு கேட்டார். 2009 மே மாதமே எல்லாக் குடிமக்களுக்கும் திறக்கப்பட்ட திட்டம் அது. நான் அன்றே விசாரித்திருக்க வேண்டும். அங்கேயும் முடிவில் ஒரு பகுதிக்கு ஆன்யூட்டி வாங்கும் கட்டாயம் உண்டு, சந்தை ஏற்ற இறக்கமும் உண்டு. ஆனால் நிதி மேலாண்மைக் கட்டணம் அப்போது 0.09 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஐந்து லட்சம் ரூபாய்க்கு என்னிடம் ஆண்டுக்கு 7,500 எடுத்த இடத்தில் அங்கே 450 ரூபாய். இந்த இரண்டு எண்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளுக்கான ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கிவிட்ட செய்தியைப் படித்தபோது, பத்தொன்பது மாதம் முன்பு போன என் 6,941 ரூபாய்தான் நினைவுக்கு வந்தது.

பதினாறு ஆண்டுகளில் நிதி மேலாண்மைக் கட்டணமாக என்னிடம் எடுத்தது எத்தனை ரூபாய் என்று கேட்டு நிறுவனத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, கட்டணங்கள் அனைத்தும் பாலிசி விதிமுறைகளின்படியே வசூலிக்கப்பட்டன என்ற பதில் வந்தது. மூன்றாவதுக்கு, விதிமுறைகளின் நகலை அனுப்பி, 1.5 சதவீதம் என்ற வரிக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் கோடு போட்டிருந்தார்கள்.