செப்பாங் போக ஒரே நாள்தான்: சனியா, ஞாயிறா?

உலக மோட்டார்சைக்கிள் பந்தயத் தொடரான மோட்டோஜிபி, மலேசியாவின் செப்பாங் பந்தயத் திடலுக்கு வருவது அக்டோபர் கடைசியில், இல்லையென்றால் நவம்பர் முற்பாதியில். தீபாவளியும் அதே வாக்கில்தான் வரும். 2024இல் தீபாவளி வியாழக்கிழமை, பந்தயம் அடுத்து வந்த ஞாயிறு. 2023இல் இரண்டுமே நவம்பர் 12. காலையில் எண்ணெய்க் குளியல், கோயில். பிற்பகல் மூன்று மணிக்குப் பந்தயம். நடுவில் சொந்தக்காரர் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பு. கையில் வார இறுதி முழுமைக்கும் டிக்கெட் இருந்தாலும், கோலாலம்பூரில் நம் ஆட்களில் பலருக்கு மூன்று நாளும் போய்வர வாய்க்காது. ஒரு நாள் தேறினால் பெரிது. அது எந்த நாள்?

கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் ஞாயிறு என்பார்கள். என் கட்சி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பயிற்சிதான், வேலை நாள் வேறு.

என் மச்சான் தீவிர ஞாயிற்றுக்கிழமைக்காரர். நான் சனிக்கிழமை மட்டும் போய்வந்ததாகச் சொன்னபோது, "நிச்சயதார்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு, கல்யாணத்துக்கு வராத ஆள்யா நீ" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மூன்று பந்தயம். மோட்டோ3, மோட்டோ2 என்ற சின்ன வகுப்புகள், கடைசியில் மோட்டோஜிபி. முழுப் பந்தயம் வழக்கமாக 20 சுற்று. செப்பாங் வெயிலில் 20 சுற்று என்பது டயருக்கும் ஆளுக்கும் சோதனை. முதல் பத்து சுற்றில் பறந்தவர் கடைசி ஐந்தில் தவழ்வார். பின்னால் சத்தமில்லாமல் வந்தவர் மேலே ஏறுவார். இந்தக் கணக்கு சனிக்கிழமை நடக்கும் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தில் கிடையாது. அப்புறம் உள்ளூர்ப் பையன்கள். 2012இல் மோட்டோ3 பந்தயத்தில் சுல்பாமி கைருடின் முதலிடத்துக்குக் கடைசிவரை மல்லுக்கட்டி, மயிரிழையில் சாண்ட்ரோ கோர்டேசேயிடம் தோற்று இரண்டாவதாக வந்தார். அதே நாள் மோட்டோ2இல், சிறப்பு அனுமதியில் வந்திருந்த ஹபீஸ் ஷாரின் கொட்டும் மழையில் முன்னணியிலேயே ஓடி நான்காவதாக முடித்தார். பின்னாளில் மோட்டோஜிபிக்கே போன முதல் மலேசியர் அவர்தான். சொந்த மண்ணின் ஆள் முன்னால் போகும்போது அந்தக் கூட்டம் போடும் சத்தம் ஞாயிற்றுக்கிழமைக்கே உரியது. சனிக்கிழமை அதில் பாதிகூட வராது.

2024இல் பன்யாயாவும் ஹோர்ஹே மார்ட்டினும் தொடக்கச் சுற்றுகளில் வளைவுக்கு வளைவு இடம் மாற்றிக்கொண்டதும் ஞாயிறுதான். உலகப் பட்டத்துக்குப் போட்டியிடும் இருவர் அப்படி உரசிக்கொண்டு போவதை அடிக்கடி பார்க்க முடியாது. ரோஸியும் மார்க் மார்க்கேஸும் 2015இல் 14ஆம் வளைவில் மோதிக்கொண்டு, பட்டப் போட்டியையே பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டதும் ஒரு ஞாயிறுதான். ஆக, பேசப்படுகிற கதைகளில் பெரும்பாலானவை ஞாயிறு நடந்தவை. இதில் மச்சானிடம் தோற்பதில் எனக்கு வெட்கமில்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

காலை பதினோரு மணியை ஒட்டி மோட்டோஜிபி தகுதிச் சுற்று, யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முடிவுசெய்வது. இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 15 நிமிடம். எரிபொருள் குறைவு, டயர் புதிது, மிச்சம் பிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஒரே ஒரு சுற்றுக்காக உயிரைக் கொடுத்து ஓட்டுவார்கள். 2024இல் பன்யாயா 5.543 கிலோமீட்டரை 1 நிமிடம் 56.337 விநாடியில் முடித்தது இப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை காலையில்தான். கணக்குப் போட்டால் சராசரி மணிக்கு 171 கிலோமீட்டருக்கு மேல். 15 வளைவு, அதில் இரண்டு மூன்று இடத்தில் கிட்டத்தட்ட நின்று திரும்ப வேண்டும். அதையெல்லாம் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. பைக்கின் உண்மையான எல்லையைப் பார்க்க ஆசைப்படுகிறவர் பார்க்க வேண்டியது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை அதே ஆள் டயரைக் காப்பாற்றிக்கொண்டு, சுற்றுக்கு இரண்டு மூன்று விநாடி மெதுவாகத்தான் ஓட்டுவார்.

மதியம் சின்ன வகுப்புகளின் தகுதிச் சுற்று. மூன்று மணிக்கு ஸ்பிரிண்ட். 2023இல் வந்த ஏற்பாடு இது: பாதித் தூரம், அதாவது செப்பாங்கில் 10 சுற்று. வென்றவருக்கு 12 புள்ளி, இரண்டாமவருக்கு 9. "அரைப் பந்தயம்தானே" என்று மச்சான் உதட்டைப் பிதுக்குவார். ஆனால் 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிண்டில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த பன்யாயா விழுந்தார், மார்ட்டின் வென்றார். மறுநாள் பன்யாயா முழுப் பந்தயத்தை வென்றார், எல்லோரும் அதைத்தான் கொண்டாடினார்கள். ஆண்டு முடிவில் பட்டம் மார்ட்டினுக்குப் போனது, வெறும் 10 புள்ளி வித்தியாசத்தில். அந்தச் சனிக்கிழமை பன்யாயா விழாமல் இரண்டாவதாகவே வந்திருந்தால் வித்தியாசம் 1 புள்ளி. மார்ட்டினை முந்தி வென்றிருந்தால் பட்டமே அவருக்கு. ஞாயிறு நடந்த மோதல் கண்ணுக்கு விருந்து. பட்டத்தின் கணக்கு சனிக்கிழமையே முக்கால்வாசி முடிந்துவிட்டது.

ஆக சனிக்கிழமை போனால் ஒரே நாளில் இரண்டும் கிடைக்கும்: ஒற்றைச் சுற்றின் உச்ச வேகமும், கைக்கு கை மோதும் பந்தயமும். கூட்டமும் குறைவு. கழிப்பறை வரிசை, சாப்பாட்டு வரிசை, வெளியே வரும் வரிசை எல்லாமே சின்னது. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது ஒன்றே போதும்.

மழை விஷயத்தில் மட்டும் இரண்டு நாளும் ஒன்றுதான். அந்த மாதங்களில் பிற்பகல் இடிமழை நம் ஊர் வழக்கம்; பந்தய நேரமும் பிற்பகல். இங்கே நடந்த 2009 எஃப்1 கார்ப் பந்தயம் மழையோடு மழையாக நின்றே போனது, 56 சுற்றில் 31தான் கணக்கில் சேர்ந்தது, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். மழை சிலருக்கு வரமாகவும் வரும். 2012இல் கோவைக்காரர் நாராயண் கார்த்திகேயன், வரிசையின் கடைசியில் இருந்து ஓட வேண்டிய காரில், முழு மழை டயரோடு கிளம்பினார். மழை வலுத்துப் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் பத்தாவது இடத்தில் இருந்தார். கார் என்னவோ அதே கார்தான். வானம் கொஞ்ச நேரம் எல்லோரையும் சமமாக்கியது. கடைசியில் பின்னுக்குத் தள்ளப்பட்டார் என்பது வேறு கதை.

எங்கே உட்காருவது?

நாளைவிட இதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

பிரதான அரங்கம் செப்பாங்கின் அடையாளம். ஹெர்மன் டில்க்கே வடிவமைத்து 1999இல் திறந்த இந்தப் பாதையில் இரண்டு நீண்ட நேர்பாதைகள் அடுத்தடுத்து இணையாக ஓடுகின்றன, அரங்கம் நடுவில். ஒரு பக்கம் உட்கார்ந்தால் புறப்படும் கோடும் பிட் கட்டடமும், மறுபக்கம் உட்கார்ந்தால் பின் நேர்பாதை. தலைக்கு மேல் கூரை. பெரியவர்களோடு போனால், வெயில் தாங்காதவர் என்றால், இங்கேதான் எடுக்க வேண்டும். ஆனால் நேர்பாதையின் நடுப்பகுதியில் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது சத்தமும் ஒரு வண்ணக் கோடும்தான். தலையைத் திருப்புவதற்குள் போய்விடும். காசு கொடுத்துப் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொடுமை இங்கே நிறைய நடக்கும். எடுப்பதென்றால் 15ஆம் வளைவுப் பக்க ஓரமாக எடுங்கள். 2016இல் பாதையைப் புதுப்பித்தபோது அந்தக் கொண்டையூசி வளைவின் உயரத்தை மாற்றினார்கள். உள்ளே நுழைபவர் ஒரு கோடு, வெளியே சுற்றுபவர் ஒரு கோடு என்று ஆளுக்கொரு வழி பிடிப்பதை அங்கே பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது கே1 அரங்கம். முதல் வளைவு, அதை ஒட்டியே இரண்டாம் வளைவு. நேர்பாதையில் 300க்கும் மேல் வரும் பைக் கண் முன்னால் வேகத்தைத் தொலைக்கிற இடம். கண்ணாடிக்குப் பின்னால் குனிந்திருந்த ஆள் சட்டென்று நிமிர்வார், நெஞ்சு காற்றை வாங்கும். உட்பக்கக் கால் மிதியை விட்டுத் தொங்கும். பின் சக்கரம் தரையில் நிற்பதா வேண்டாமா என்று துள்ளிக்கொண்டே வரும். கியர் ஒவ்வொன்றாக இறங்கும் வெடிச்சத்தம் காதில் அல்ல, வயிற்றில் கேட்கும். முதல் வளைவு வலப்பக்கம் நீண்டு, போகப் போக இறுகும். முடியும் இடத்திலேயே இரண்டாவது இடப்பக்கம் மடங்கும். அதனால் முதல் வளைவில் உள்ளே பாய்ந்து முந்தியவர் அகலமாகப் போய்விடுவார். முந்தப்பட்டவர் இரண்டாவதில் உள்ளே வந்து கணக்கைத் தீர்ப்பார். பன்யாயா, மார்ட்டின் சண்டையில் நீங்கள் பார்த்த இடமாற்றத்தின் இலக்கணம் இதுதான். ஒன்றே ஒன்று: காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள், பிள்ளைகளுக்குக் கட்டாயம்.

புல்மேடு மலிவு. கூரை கிடையாது. பாய் விரித்து, கூட்டாளிகளோடு நாள் முழுக்கக் கிடக்கலாம். இருபது வயதில் அதைவிட நல்ல இடம் இல்லை. குடை கொண்டுபோனால் பின்னால் இருப்பவரின் சாபம் நிச்சயம், மழைக்கோட்டு கொண்டுபோங்கள். நாற்பதைத் தாண்டியவர் யோசித்துச் செய்யவும்.

போய்ச் சேருவது

கோலாலம்பூரிலிருந்து செப்பாங் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குப் பக்கம். மோட்டாரில் போகிறவர்தான் ராஜா. நெடுஞ்சாலையில் டோல் கிடையாது, பந்தயம் முடிந்து கார்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்போது ஓரமாக நழுவி வந்துவிடலாம். மழை வந்தால் மட்டும் ராஜா மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கி நிற்பார்.

கார் என்றால் எலைட் நெடுஞ்சாலை ஒரு வழி. மெக்ஸ் பிடித்து புத்ராஜெயா வழியாகப் போவது இன்னொரு வழி. போகும்போது எது எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை, காலையிலேயே கிளம்பி வழியில் நாசி லெமாக்கை முடித்துக்கொண்டால் சரி. திரும்பும்போதுதான் தெரியும். ஞாயிறு மாலை நிறுத்துமிடத்திலிருந்து சாலைக்கு வருவதற்கே பொறுமை வேண்டும். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பும் கூடவே உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமைக்கு நான் கொடி பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருப்பவருக்கு ரயில் ஆசை வரும். கேஎல் சென்ட்ரலில் ஏறினால் விரைவு ரயில் 28 நிமிடத்தில் கேஎல்ஐஏ. ஆனால் ஒரு வழிக்கு 55 வெள்ளி (ரிங்கிட்), இறங்கிய பிறகும் பந்தயத் திடலுக்கு வண்டி பிடிக்க வேண்டும். தனி ஆளுக்குப் பரவாயில்லை. நாலு பேர் குடும்பத்துக்குக் காரே லாபம். பினாங்கிலிருந்து விமானத்தில் வருகிறவர்தான் கொடுத்துவைத்தவர். கேஎல்ஐஏயில் இறங்கினால் செப்பாங் பக்கத்திலேயே. சிராஸிலிருந்து நெரிசலில் வருகிறவரை முந்திவிடலாம்.

எஃப்1 போனபின் செப்பாங்கில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. 1999இல் தொடங்கி 2017இல் வெர்ஸ்டாப்பன் வென்றதோடு அது முடிந்தது. இப்போது எஃப்1 வேண்டுமென்றால் சிங்கப்பூர். இரவு விளக்கும் நகரமும் அழகுதான். ஆனால் எல்லை, விடுதி, டாலர் என்று போகும், ஒரு நாள் பயணத்தில் சேராது. நான்கு சக்கரம் பார்த்தே ஆக வேண்டும் என்பவருக்கு செப்பாங்கிலேயே உள்ளூர் 1000 கிலோமீட்டர் பந்தயம் இருக்கிறது. நாம் சாலையில் பார்க்கிற வகைக் கார்கள் 181 சுற்று உருண்டு தேய்வதைப் பார்க்கலாம். ஜப்பானின் சூப்பர் ஜிடியும் 2025இல் பல ஆண்டு இடைவெளிக்குப் பின் இங்கே வந்துபோனது.

கூட்டமே வேண்டாம், பைக்கை மட்டும் பார்க்க வேண்டும் என்பவருக்கு பிப்ரவரியில் நடக்கும் மோட்டோஜிபி சோதனை ஓட்டம். புது பைக், புது வண்ணம், காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. வெற்றி தோல்வி இல்லை. யார் எந்த வளைவில் என்ன கோடு பிடிக்கிறார் என்று நிதானமாகப் பார்க்கலாம். சனி, ஞாயிறு இரண்டையுமே இது தோற்கடிக்கும் என்று சில நேரம் எனக்குத் தோன்றும். சிக்கல் என்னவென்றால் வேலை நாளில் வரும். 2025இல் புதன் முதல் வெள்ளி வரை நடந்தது. விடுப்புக்கு மேலாளரிடம் என்ன காரணம் சொல்வது என்பது உங்கள் பாடு.